நல்ல நேரத்தில் பிறந்த சர்வர்

மணியா சார்? மணி மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. போன் இருக்கு, பையிலதான் இருக்கு, எடுத்துப் பாக்க ஒரு செகண்ட் ஆகாது. ஆனாலும் சொல்ல மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. நான் ஒரு தடவை மணி சொல்லப் போய் ஒரு பொண்ணுக்கு வேலை போச்சு. அதுலருந்து யாரு கேட்டாலும் சொல்றதில்ல. வீட்டுல சம்சாரம் கேட்டாக்கூட செவத்துக் கடிகாரத்தைப் பாருன்னு சொல்லிருவேன்.

விருதுநகரா போறீங்க? நானும் அங்கதான். ரயில்வே கேட்டைப் போட்டுட்டான், இனி ரயிலு போனாத்தான் நம்ம பஸ்ஸுக்கு வழி. அது எப்ப வருமோ. எனக்கு லேபர் ஆபீஸ்ல பதினோரு மணிக்கு விசாரணை. குத்தம் சாட்டினது எங்க முதலாளி அண்ணாச்சி, சாட்டப்பட்டது கற்பகவள்ளி, சாட்சி நான். என் பேரு காளிராஜன். சிவகாசியில ஒரு காலண்டர் கம்பெனியில சிஸ்டம் இன்சார்ஜ், பத்தொம்பது வருஷமா. கம்பெனி பேரு வேண்டாம். தினமும் காலையில நீங்க கிழிக்கிற தாள் எங்க தாளாக்கூட இருக்கலாம்.

எனக்கு ஒரு வருத்தம் சார். இந்தக் கற்பகவள்ளி ஒம்பது வருஷமா என்னை அண்ணேன்னுதான் கூப்பிடும். டிசைன் செக்ஷன்ல பிரிண்டர் ஓடலைன்னா அண்ணே, மவுஸ் நகரலைன்னா அண்ணே. அப்படிப்பட்ட பிள்ளை ஐப்பசி மாசம் ஒருநாள், பதினஞ்சு பேருக்கு முன்னாடி என்னைப் பாத்து "சரிங்க சார்"னு சொல்லிருச்சு. சார்! நான் அதுக்கு என்ன கெடுதல் செஞ்சேன், நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

எங்க அண்ணாச்சி தனுஷ்கோடி, தங்கமான மனுஷன். ஆனா நல்ல நேரம் பாக்காம மூச்சு விட மாட்டாரு. புது பிரிண்டிங் மிஷினுக்குப் பாப்பாரு, சரி. லாரிக்குப் பாப்பாரு, சரி. பின்பக்கம் ஒரு கக்கூஸ் கட்டுனாரு, அதுல தண்ணி திறந்துவிடக்கூட நல்ல நேரம் பாத்தாரு. யாரும் சிரிக்கக்கூடாது. சிரிக்கவும் முடியாது. வருஷத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளுக்கும் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம்னு அச்சடிச்சு ஊரெல்லாம் அனுப்புற கம்பெனி. நாமே அதைப் பாக்கலைன்னா வாங்குறவன் எதுக்குப் பாப்பான்னு கேப்பாரு. கேள்வி நியாயந்தானே?

போன ஆடியில புது சர்வர் வாங்குனோம், ஆபீஸ் கம்ப்யூட்டருக்கெல்லாம் தாய் கம்ப்யூட்டர். டிசைன், பஞ்சாங்கக் கணக்கு எல்லாமே அதுலதான் இருக்கணும். மதுரையிலருந்து ரூபன்னு ஒரு இன்ஜினியர் கொண்டாந்து மாட்டுறதா ஏற்பாடு. அந்த சர்வருக்குள்ள ஒரு விசேஷம் இருக்கு சார். பெரிய மூளை ஒண்ணு, அதுதான் வேலை செய்யும். கூடவே குட்டியா இன்னொரு மூளை. மேனேஜ்மென்ட் ப்ராசஸர்னு பேரு. பெரிய மூளை அணைஞ்சு கெடந்தாலும் இது தூங்காது. பிளக்கு சொருகியிருந்தா போதும், முழிச்சுக்கிட்டே இருக்கும். வாட்ச்மேன் மாதிரி வச்சுக்கங்களேன். எப்ப ஆன் ஆச்சு, எப்ப ஆஃப் ஆச்சு, எந்த ஃபேன் நின்னுச்சு, யாரு பட்டனை அமுக்குனா, எல்லாத்தையும் மணியோட எழுதி வச்சுக்கும், அந்தக் கணக்குக்கு லாக்னு பேரு.

யாரு அமுக்குனான்னு ஆள் பேரு எழுதாது, தப்பாச் சொல்லிட்டேன். பட்டன் அமுங்குச்சு, இத்தனை மணின்னு மட்டும் எழுதும். ஆளை நாமதான் கண்டுபிடிக்கணும்.

அந்தக் குட்டி மூளைக்குத் தனியா ஒரு கடிகாரம். நாம கையால மணி வைக்கலாம். ஆனா அது சரியில்ல. நெட்வொர்க்ல டைம் சர்வர்னு ஒண்ணு இருக்கு, மணி சொல்றதுக்குன்னே இருக்கிற மிஷின். அதோட விலாசத்தை எழுதி, இந்தியா நேரம்னு குறிச்சு, கீழ ஒரு சின்னக் கட்டத்துல டிக் போட்டுட்டா, குட்டி மூளை அதுகிட்ட அப்பப்ப மணி கேட்டுத் தன்னைத் திருத்திக்கும். மூணு வேலை, ரெண்டு நிமிஷம். ரூபன் போன்லயே சொல்லிட்டான், "சார், முத வேலையா அந்த டைம் சின்க் டிக்கைப் போட்டுருங்க. நாளைக்கு ஒரு பிரச்சனைன்னா லாக்-தான் சாட்சி. மணி தப்பா இருந்தா சாட்சியே தப்பாயிரும்"னு. சின்னப் பய எனக்குப் பாடம் நடத்துறான்னு நெனச்சேன். பத்தொம்பது வருஷ சர்வீஸ் எனக்கு.

ஆடி வெள்ளிக்கிழமை. ஒம்பதே காலுலருந்து பத்தே கால் நல்ல நேரம். பத்தரைக்கு மேல ராகு காலம். ஒம்பது மணிக்கே அண்ணாச்சி பட்டு வேட்டியில வந்து நின்னுட்டாரு. தேங்காய், பழம், சூடம், எல்லாம் ரெடி. சர்வர் மட்டும் இல்ல. ரூபனோட கார் திருமங்கலம் தாண்டி பஞ்சர். ஒம்பதரைக்கு வெறும் மேசைக்குப் பூஜை போட்டோம். பத்து இருவதுக்கு வந்து சேந்தான். இரும்பு ராக்குல ஏத்தி, வயரெல்லாம் மாட்டி முடிக்கிறப்ப மணி பத்து அம்பத்திரண்டு. நடு ராகு காலம்.

அண்ணாச்சி கதவுகிட்ட நிக்கிறாரு. அவரு கையில வாட்ச் கெடையாது, எப்பவும் பக்கத்துல நிக்கிறவன்கிட்டதான் கேப்பாரு. அன்னைக்கு யாருகிட்டயும் கேக்கலை. செவத்துக் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு, "ஏப்பா காளி, அந்த மிஷினுக்குன்னு தனியா ஒரு மணி இருக்காமே"ன்னாரு.

இதுக்கு மேல ஒரு முதலாளி வெளக்கமாச் சொல்லணுமா சார்? நான் புரிஞ்சுக்கிட்டேன். குட்டி மூளையோட கடிகாரத்துல ஒம்பது அம்பத்தெட்டுன்னு கையால வச்சேன். வச்சுட்டுப் பட்டனை அமுக்குனேன். ஃபேனெல்லாம் ஹோன்னு கெளம்புச்சு. லாக்ல மொத வரி, ஒம்பது அம்பத்தெட்டு, பவர் ஆன். "லாக்ல என்ன போட்டிருக்கு?"ன்னு கேட்டாரு. "நல்ல நேரம் போட்டிருக்கு அண்ணாச்சி"ன்னேன். அந்த ஒரு வரியைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, பூஜை ரூம்ல வச்சுக்கிட்டாரு. ஒரு கொழந்தைக்கு ஜாதகம் எழுதுற மாதிரி. எனக்கும் ஒரு பெருமைதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ரூபன் என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். அண்ணாச்சி போனப்புறம், "சரி, இப்பயாச்சும் சின்க்கைப் போடுங்க சார்"ன்னான். போட்டா என்னாகும்? அம்பத்திநாலு நிமிஷம் ஒரே தாவாத் தாவும். தாவுனதையும் எழுதி வைக்கும், இத்தனை மணியிலருந்து இத்தனை மணிக்கு மாத்தியிருக்குன்னு. வாட்ச்மேன்ல? ஜாதகத்துக்குக் கீழயே பொய்யுன்னு எழுதுன கணக்கா ஆயிரும். அதனால விலாசத்தை எழுதுனேன், இந்தியா நேரம்னு குறிச்சேன், அந்த டிக்கை மட்டும் போடலை. யாராவது மேலோட்டமாப் பாத்தா எல்லாம் சரியா இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆடிப்பெருக்கு முடியட்டும், போட்டுக்கலாம்னு இருந்தேன். ஆடிப்பெருக்கு முடிஞ்சு ஆர்டர் கொட்டுச்சு. அப்புறம் மறந்துட்டேன்.

மறந்துட்டேன்னா, முழுசா மறக்கலை. போடணுமேன்னு நெனப்பு வரும், போயிரும்.

ஐப்பசி, செவ்வாக்கிழமை. சீசன் உச்சத்துல இருக்கு. மத்தியானம் டிசைன் செக்ஷன்ல எல்லாரும் டீ கிளாஸும் கையுமா இருக்கிறப்ப, அத்தனை ஸ்கிரீனும் அப்படியே நின்னுருச்சு. சர்வர் அணைஞ்சு போச்சு. மூணு நிமிஷத்துல மறுபடி வந்துருச்சு, ஆனா ஒரு நகைக்கடை ஆர்டர், பன்னெண்டு மாசத்துப் படமும் பாதியில அறுந்து ஃபைல் கெட்டுப் போச்சு. மறுபடி செஞ்சு முடிக்க மூணு நாள். கெடு தாண்டிருச்சு. அந்த நகைக்கடைக்கு அண்ணாச்சியோட அப்பா காலத்துலருந்து நாங்கதான் காலண்டர். அவங்க வேற எடத்துக்குப் போயிட்டாங்க. அண்ணாச்சி ரெண்டு நாள் சாப்பிடலை. அது உண்மை, நான் பாத்தேன்.

மூணாவது நாள் எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வச்சாரு. "லாக் என்ன சொல்லுது காளி?"

நான் பாத்து வாசிச்சேன். "ரெண்டு பதினொண்ணுக்கு முன்பக்கத்துப் பட்டனை அமுக்கியிருக்கு அண்ணாச்சி. ரெண்டு பதினாலுக்கு மறுபடி ஆன் பண்ணியிருக்கு."

சர்வர் ரூம் கதவுல ஒரு நோட்டு கயிறு கட்டித் தொங்கும். உள்ள போறவங்க பேரும் மணியும் எழுதணும். அதைக் கொண்டாரச் சொன்னாரு. கற்பகவள்ளி, ரெண்டு அஞ்சு உள்ளே, ரெண்டு இருவது வெளியே, ஹார்ட் டிஸ்க் மாட்ட. வேற ஆளே இல்ல.

"செவ்வாக்கிழமை மூணு மணிக்குத்தான் ராகு காலமே"ன்னாரு அண்ணாச்சி. "ரெண்டு பதினொண்ணு சுத்தமான நேரம். அந்த நேரத்துல ஒரு மிஷின் தானா ஏன் அணையுது? மனுஷக் கைதான்."

கற்பகவள்ளி சத்தம் போடலை. நிதானமாத்தான் சொல்லுச்சு. "அண்ணாச்சி, நான் திரும்பி வந்து என் சீட்டுல உக்காந்து மாசி மாசப் படம் முழுசா முடிச்சேன். அப்புறந்தான் டீ வந்துச்சு. டீ குடிக்கிறப்பதான் ஸ்கிரீன் நின்னுச்சு. எல்லாருந்தானே பாத்தீங்க?"

எல்லாரும் கீழ பாத்தாங்க. அண்ணாச்சி டீ மாஸ்டர் செல்லையாவைக் கூப்பிட்டாரு. "அன்னைக்கு டீ எப்பய்யா கொண்டாந்த?" "எப்பவும் போல மூணு மணிக்கு அண்ணாச்சி." "டீ குடிக்கிறப்ப அணைஞ்சதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அணைஞ்சது ரெண்டு பதினொண்ணுன்னு மிஷின் சொல்லுது. அப்ப நீ ரெண்டு மணிக்கே கொண்டாந்துட்ட." செல்லையா பாவம், ரெண்டு நிமிஷம் யோசிச்சான். "கொண்டாந்திருப்பேன் அண்ணாச்சி"ன்னான். இனிமே நேரத்துக்குத்தான் டீ தரணும்னு அவனுக்கும் ஒரு திட்டு.

அப்பத்தான் அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்புச்சு. "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. டீ வந்தப்புறந்தானே?"

என்னைக் கேட்டா? என் டீ அன்னைக்கு என் மேசையில மூடி போட்டு ஆறிக் கெடந்துச்சு, நான் எடத்துல இல்ல. நான் கண்ணால பாக்காததை எப்படிச் சொல்றது? "லாக்ல ரெண்டு பதினொண்ணுன்னு இருக்கு தாயி"ன்னேன். இருந்துச்சு சார், பொய் ஒண்ணும் சொல்லலை. இருந்ததை வாசிச்சேன்.

அது என்னைப் பாத்துச்சு. "சரிங்க சார்"னு சொல்லுச்சு.

அணைச்சதுகூடப் பரவாயில்ல, மறுபடி போட்டுவிட்டுட்டு மறைச்சுதே, அதைத்தான் தாங்க முடியலைன்னு அண்ணாச்சி சொன்னாரு. அன்னைக்கே நிப்பாட்டிட்டாரு. சிவகாசி சின்ன ஊர் சார். வேற எந்த ஆபீஸ்லயும் சேத்துக்கலை. சர்வரை அணைச்சுட்டு மறைச்ச பிள்ளைன்னு பேராயிப் போச்சு. இப்ப பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில நிக்குது. எனக்கு ஜெராக்ஸ் வேணும்னா நான் ரத வீதிக்குப் போயிர்றது.

அம்பத்திநாலு நிமிஷம் எனக்கு ஞாபகம் வரலையான்னு கேப்பீங்க. வந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலம் வண்டியை ஸ்டார்ட் பண்றப்ப வந்துச்சு. ரெண்டு பதினொண்ணோட அம்பத்திநாலைக் கூட்டிப் பாத்தேன். மூணு அஞ்சு. வண்டியை அப்படியே நிப்பாட்டிட்டு நின்னேன். ஆனா அதுக்குள்ள அந்தப் பிள்ளையை நிப்பாட்டுற ஆர்டர் டைப் அடிச்சு முடிச்சாச்சு, கையெழுத்தும் ஆச்சு. டைப் அடிச்சதுக்கப்புறம் போய்ச் சொன்னா மரியாதையா இருக்குமா?

தை மாசம் ரூபன் சர்வீஸுக்கு வந்தான். நான் மேசையிலதான் இருந்தேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. "என்ன சார், எல்லாம் எழுதியிருக்கீங்க, டிக்கை விட்டுட்டீங்களே"ன்னு போட்டுவிட்டுட்டான். உடனே லாக்ல ஒரு வரி விழுந்துச்சு. கடிகாரம் மாற்றப்பட்டது, பத்து ஆறிலிருந்து பதினொண்ணுக்கு. ஆறு மாசத்துல ஒரு நிமிஷங்கூட நழுவலை பாத்தீங்களா? நல்ல கடிகாரம். தப்பான மணியை அவ்வளவு சரியாக் காட்டியிருக்கு.

அந்த வாரமே லேபர் ஆபீஸ்லருந்து நோட்டீஸ். கற்பகவள்ளி மனு போட்டிருக்கு. காசு பணம் ஒண்ணும் கேக்கலை சார். நான் அணைக்கலைன்னு எழுதிக் குடுக்கணும், அவ்வளவுதான் கேட்டிருக்கு. அண்ணாச்சிகிட்ட நான் மெதுவா விஷயத்தைச் சொன்னேன். அணைஞ்சது மூணு அஞ்சுக்கு அண்ணாச்சி, அப்ப அந்தப் பிள்ளை உள்ளயே இல்லன்னு. அண்ணாச்சி பூஜை ரூம் பக்கம் பாத்தாரு. அப்புறம் கேட்டாரு, "அப்ப நம்ம மிஷின் ராகு காலத்துலதான் பொறந்ததா?"

ஆமான்னு தலையை ஆட்டுனேன்.

"அந்தக் கடைசி வரியை அழிக்க முடியுமா?"ன்னாரு. "அழிக்கலாம் அண்ணாச்சி. அழிச்சாங்கன்னு இன்னொரு வரி விழும்." "எதுக்குப்பா இப்படி ஒரு மிஷினை வாங்குன?"ன்னு என்னைத் திட்டுனாரு. இன்னைக்குக் காலையில கூப்பிட்டு, ரெண்டு பதினொண்ணு இருக்கிற அந்த ஒரு தாளை மட்டும் பிரிண்ட் எடுத்து, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, குங்குமம் வச்சு, சாமி முன்னாடி காட்டிட்டுக் குடுத்தாரு. "பத்தரைக்கு முன்னாடி ஆபீஸ் வாசலை மிதிச்சிரு காளி. கேட்டா இதைக் குடு, கேக்காததைச் சொல்லாத." இந்தாங்க, இதுதான் அந்தத் தாள். பாத்துப் புடிங்க.

மூணு அஞ்சுக்கு உள்ள யாரு இருந்தான்னு நீங்க கேக்கலை. பெரிய மனுஷன் சார் நீங்க. அண்ணாச்சியும் கேக்கலை.

நான்தான் இருந்தேன். தினமும் ரெண்டே முக்காலுலருந்து மூணே கால் வரைக்கும் நான் பேக்கப் பாப்பேன், ஃபைலுக்கெல்லாம் நகல் எடுக்கிறது. இன்சார்ஜ் நோட்டுல எழுத வேண்டியதில்ல. அந்த ரூம்ல ஏசி இருபது டிகிரியில ஓடும், ஒரு பிளாஸ்டிக் சேர் கெடக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் கண்ணு செருகத்தான் செய்யும். கனமானதைக் கீழதான் மாட்டணும்னு ரூபன் அந்த சர்வரை ராக்குக்கு அடியில மாட்டிட்டான். காலை நீட்டுனா பாதம் நேரா அந்தப் பட்டன்ல போய் முட்டும். நாலு செகண்ட் அமுக்கிப் புடிச்சாத்தான் அணையும். தூங்குறவன் காலு நாலு செகண்டு என்ன, நாப்பது நிமிஷம் அமுக்கும். ஃபேன் சத்தம் நின்னதும்தான் எனக்கு முழிப்பு வந்துச்சு. பதறிப் போய் நானே ஆன் பண்ணிட்டு, வெளிய வந்து "யாரு அணைச்சது?"ன்னு கத்துனேன். நான் கத்துனது நடிப்பு இல்ல சார். அப்ப எனக்கு நெஜமாவே தெரியாது.

மேல மாட்டியிருந்தா இது நடந்திருக்குமா? நீங்களே சொல்லுங்க. கொஞ்ச நேரமா உங்க மொகமும் அந்தப் பிள்ளை மொகம் மாதிரியே இருக்கு.

ரயிலு போயிருச்சு. கேட்டைத் தொறக்கிறான் பாருங்க. இதோ பஸ் ஸ்டாண்டு வந்துரும்.

என் மனசுல என்ன ஓடுதுன்னா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரை தாண்டியிருக்கும். ராகு காலம். பன்னெண்டு வரைக்கும் எங்கிட்டாவது டீக்கடையில உக்காந்துட்டு, அப்புறம் போனா நல்லதுன்னு தோணுது. பன்னெண்டுக்குள்ள விசாரணையை முடிச்சு, சாட்சி வரலைன்னு எழுதி அந்தப் பிள்ளையை அனுப்பிருவாங்க. அது கையில ஒரு பேப்பரும் இல்ல. அதுக்காகப் பேசுறதுக்கு அன்னைக்கும் ஆளில்ல, இன்னைக்கும் ஆளில்ல. ஜெராக்ஸ் கடைக்கு லீவு சொல்லிட்டு வந்திருக்கும். பெஞ்சு நுனியில உக்காந்து வாசலையே பாத்துக்கிட்டு இருக்கும். என்னைத்தான் சார் எதிர்பாத்துக்கிட்டு இருக்கும்.

இன்னொரு தாளும் இருக்கு. இது சட்டைப் பையில. அண்ணாச்சிக்குத் தெரியாது. பத்து ஆறிலிருந்து பதினொண்ணுன்னு அந்தக் கடைசி வரி இருக்கிற தாள். நேத்தே பிரிண்ட் எடுத்து நாலா மடிச்சு வச்சேன். எதுக்கு எடுத்தேன்னு எனக்கே தெரியாமத்தான் எடுத்தேன். இதுல மஞ்சளும் இல்ல, குங்குமமும் இல்ல.

வந்துருச்சு, பஸ் ஸ்டாண்டு. கண்டக்டர், எறக்கம் இருக்கு!

இருங்க சார், மொதல்ல மணி கேட்டீங்கல்ல? போனை எடுத்துட்டேன். பத்து அம்பத்திரண்டு. சரியான மணி, நம்பலாம். போன் தானா டவர்கிட்ட கேட்டு வச்சுக்கும், இதுல நான் கை வைக்கலை.

அந்தத் தாளா? என்கிட்டத் தர வேண்டாம், நீங்களே வச்சுக்கங்க. லேபர் ஆபீஸுக்கு நான் இந்த மடிச்ச தாளை மட்டும் கொண்டு போறேன். அதைக் கீழ மட்டும் போட்டுராதீங்க சார், யாரு காலுலயாவது பட்டுரும். குங்குமம் வச்ச தாள்.